என் கிணற்றில் அவள் மோட்டார்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். மூன்று நான் பெற்றது, இரண்டு என் ஓரகத்தி பெற்றது. ஓரகத்தி என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. அவளும் அவள் வீட்டுக்காரனும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன நாலு வருஷம் அந்த இரண்டும் என் அடுப்பில்தான் தின்றன, என் பாயில்தான் தூங்கின. இதை நான் சொல்லாத ஆள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் யாரும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் தூங்குகிறவர்களை எழுப்பிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இங்கே அப்படிச் சொல்லவில்லை. "நீ யாரு, எத்தினி பேர வளத்தேன்னு மொதல்ல எழுது ஆயா" என்று பேத்தி கேட்டாள், அதனால் எழுதினேன். இந்தக் காரணம் எனக்குப் பின்னால் வேண்டியிருக்கும்.

போன தை மாதம் என் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் நடந்ததை ஊரில் ஆளுக்கு ஒரு மாதிரி பேசிக்கினு திரிகிறார்கள். நான் கரண்ட் ஆபீசில் அழுதேன் என்கிறார்கள். ஓரகத்தி காலில் விழுந்தேன் என்கிறார்கள். இரண்டும் பொய். நடந்தது அதைவிட மோசம். அதை மற்றவர்கள் சொல்லிக் கெடுப்பதற்கு நானே எழுதிவிடுவது மேல் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்து நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஒரு டீச்சர் வந்தாங்க. பஸ் போர்டு படிக்க வந்ததும் இது போதும் என்று நின்றுவிட்டேன். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் ஓடும். அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெரிய மகன் டவர் லைனில் கம்பி இழுக்கிற வேலை பார்க்கிறான். வயல் நடுவிலும் மலை மேலும் ஆள் உயரத்துக்கு இருபது மடங்கு நிற்கிறதே இரும்பு டவர், அதில் ஏறுகிற வேலை. கூலி ஆளாகப் போனவன் இப்போது மேஸ்திரி. சில வருஷமாக வடக்கே பூட்டான் எல்லையில் இருக்கிறான். பூட்டான் என்பது நமக்குப் பக்கத்து நாடு. அங்கே மலையில் இருந்து விழுகிற ஆற்றில் கரண்ட் எடுக்கிறார்கள். அது எல்லை தாண்டி நம்ம நாட்டுக்கு வருகிறது. அது வருகிற கம்பியை இழுத்தவர்களில் என் மகனும் ஒருத்தன். அவன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். மீதியை நான் சேர்த்துக்கொண்டேன்.

வீட்டில் பல்பு எரிந்தால் என் பிள்ளை அனுப்பியது. மிக்சி ஓடினால் என் பிள்ளை அனுப்பியது. திருவக்கரைக் கோயிலில் ஒரு பௌர்ணமிக்கு வரிசையில் நின்றபோது முன்னால் ஒரு கெடார்க்காரம்மா நின்றாள். அவளுக்கும் சொன்னேன்.

"அந்தக் கரண்டு எங்க ஊருக்கும் வருதாம்மா?" என்று அவள் கேட்டாள், பாவம், மரியாதையாகத்தான் கேட்டாள்.

"வருது. ஆனா எங்களுக்கு வந்துட்டுத்தான் உங்களுக்கு" என்றேன்.

ஊரில் எனக்குப் பூட்டான் பெரிம்மா என்று பேர் விழுந்தது அப்படித்தான். கரண்ட் போனால் டீக்கடையில் இருந்து குரல் வரும். "இன்னா பெரிம்மா, உம் புள்ள சாப்பிடப் போயிட்டானா?" நானும் விடாமல், "கேட்டுச் சொல்றேன் இரு" என்று போனை எடுப்பேன். அவர்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கிண்டல் செய்வதற்கும் ஒரு பிள்ளை வேண்டுமே.

இப்போது கொல்லைக்கு வருகிறேன். எனக்கு ஒரு ஏக்கர். ஒட்டினாற்போல ஓரகத்திக்கு ஒரு ஏக்கர். நடுவில் ஒரு வரப்பு. பாகம் பிரித்தபோது ஏரிக்கரை ஓரத்துக் கிணறு என் பங்கில் விழுந்தது. மழை ஏமாற்றின வருஷத்திலும் அதில் தண்ணீர் நிற்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓரகத்தி என்னிடம் வந்து, "அக்கா, வாரத்துல ரெண்டு நாளு எனக்கும் முறை வுடுக்கா" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி கிணறு எல்லாம் முறை வைத்துத்தான் ஓடுகிறது. இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு அவருக்கு. கொடுத்திருந்தால் என் தண்ணீர் ஒன்றும் வற்றியிருக்காது.

நான் சொன்னது இது: "புள்ளைங்களையும் நான்தான் வளக்கணும், தண்ணியும் நான்தான் ஊத்தணுமா? அப்ப நீ இன்னாதான் பண்ணுவ?"

களை வெட்டிக்கினு இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பிறகு தன் கொல்லையிலேயே போர்வெல் போட்டாள். ரோட்டு ஓரத்து டிரான்ஸ்பார்மரில் இருந்து தனியாகக் கரண்ட் இழுத்தாள். அன்றையில் இருந்து பேச்சு இல்லை. அவள் கோழி என் பக்கம் வந்தால் கோழியைத் திட்டுவாள், கேட்க வேண்டியது நான். எங்கள் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோதுகூட அவள் ஒரு மூலையில் அழுதாள், நான் ஒரு மூலையில் அழுதேன்.

போன வருஷம் ஐப்பசி கார்த்திகையில் மழை பேருக்குத்தான் பெய்தது. இருந்தும் இரண்டு பேரும் மல்லாட்டை போட்டோம். தை பிறந்தபோது செடி பூத்து நின்றது. மல்லாட்டைச் செடியில் பூ வாடின பிறகு அதில் இருந்து ஊசி மாதிரி ஒன்று கீழே இறங்கும். அது மண்ணைக் குத்தி உள்ளே போனால்தான் காய். மண் ஈரமாக இருந்தால் குத்தும். காய்ந்து கிடந்தால் ஊசி வெளியிலேயே கருகும், அந்த வருஷத்துப் பாடு அதோடு முடிந்தது. அந்த ஒரு தண்ணீரைச் சரியான நேரத்தில் விட்டாக வேண்டும்.

எங்கள் மோட்டார் ஓட மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். அது நாளில் சில மணி நேரம்தான் வரும். மீதி நேரம் இரண்டு பேஸ், வீட்டு விளக்குக்கு. இரண்டு பேஸில் மோட்டார் ஓட்டக் கூடாது என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கண்டென்சர் என்று ஒரு டப்பா இருக்கிறது. அதை மாட்டினால் மோட்டார் முனகிக்கினே ஓடிவிடும். விழுப்புரத்தில் இருந்து ஆள் கூட்டி வந்து எங்கள் டிரான்ஸ்பார்மரில் முதல் முதலில் அதை மாட்டினது நான். மாட்டினதோடு இருந்திருக்கலாம். ஏழு மோட்டார்க்காரர்களுக்கும் கூப்பிட்டுக் காட்டினேன். பொங்கலுக்குள் ஆறு ஷெட்டில் டப்பா தொங்கியது.

பொங்கல் கழிந்து மகன் வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் வெள்ளையாக மலை தெரிந்தது. குல்லாய் போட்டிருந்தான்.

"வோல்டேஜே இல்லடா. மோட்டாரு அழுவுது. அங்கேருந்து கொஞ்சம் சேத்து வுடச் சொல்லேன்" என்றேன்.

சிரித்தான். "இப்ப அங்கேருந்து வராதும்மா. பனி காலத்துல இங்க ஆறு சுருங்கிடும். மழ காலத்துல அவங்க நமக்குக் குடுப்பாங்க, இப்ப நாமதான் அவங்களுக்குக் குடுக்கறோம்."

"எதுல குடுக்கறோம்?"

"அதே கம்பியிலதான்."

"நீ இழுத்த கம்பியிலயா?"

"ஆமாம்மா."

நான் பெற்ற பிள்ளை வெயிலிலும் பனியிலும் தொங்கி இழுத்த கம்பி வழியாக என் கொல்லைக் கரண்டை உறிஞ்சிக்கினு போகிறார்கள். யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. அவர்களுக்குப் பனி, எனக்கு வோல்டேஜ் இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். டப்பா மாட்டின ஆறு மோட்டாரும் ஒரே நேரத்தில் முனகிக்கினு இருந்தது மட்டும் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

மறுநாள் காலையில் டிரான்ஸ்பார்மர் புகைந்து, படார் என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. நான் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கினு திண்டிவனம் பஸ் ஏறினேன். போனில் மகன் டவர் உச்சியில் நிற்கிற படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆபீசில் யாராவது தடுத்தால் காட்டலாம் என்று.

யாரும் தடுக்கவில்லை. இன்ஜினியர் ஒரு சின்னப் பெண். என் பேத்தியைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள்.

"சொல்லுங்க பாட்டி."

"பூட்டானுக்குக் குடுக்கறத நிறுத்துங்க" என்றேன்.

பக்கத்தில் டீ ஊற்றிக்கினு இருந்தவர் அப்படியே நின்றார்.

"எங்க பாட்டி?"

"பூட்டானுக்கும்மா. எம் புள்ள அங்கதான் லைன் போடறான். அவனே சொல்ட்டான், இப்ப நாமதான் குடுக்கறோம்னு. எங்களுக்கே பத்தாம டிரான்ஸ்பார்மரு வெடிச்சிக் கெடக்குது. மல்லாட்டை ஊசி எறங்கற நேரம். ஒரு பத்து நாளு நிறுத்திட்டு அப்புறம் குடுங்க, நான் வேணாங்கல." படத்தையும் காட்டினேன்.

அந்தப் பெண் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பாட்டி, உங்க ஊர் ஏரிக்கு எத்தனை வாய்க்கால்ல தண்ணி வருது?"

"மூணு."

"ஏரியில ஒரு குடம் மொண்டா, அது எந்த வாய்க்கால் தண்ணின்னு சொல்லுவீங்களா?"

"எப்பிடிச் சொல்ல முடியும்?"

"கரண்டும் அப்படித்தான். பூட்டானுக்கும் நமக்கும் லைன் இருக்கு, நேபாளத்துக்கு இருக்கு, வங்காள தேசத்துக்கு இருக்கு. ஒருத்தருக்கு மிஞ்சறப்ப இன்னொருத்தருக்குக் கொறையும், அதனால மாத்தி மாத்தி குடுத்துக்கறாங்க. உங்க மோட்டாருக்கு வர்றதை யாரும் தனியா எடுத்துக்கினு போவல. அது சரி, அவங்க நமக்கு அனுப்பின மாசத்துல இங்க வந்து நல்லா வருதுன்னு சொன்னீங்களா?"

"இங்க சொல்லல. திருவக்கரையில சொன்னேன்."

டீ ஊற்றுகிறவர் வெளியே போய்விட்டார். அந்தப் பெண் பேனாவை மூடினாள். "உங்க டிரான்ஸ்பார்மர்ல எத்தனை மோட்டார் பாட்டி?"

"ஏழு."

"எத்தனைல கண்டென்சர் இருக்கு?"

நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

மத்தியானமே லைன்மேனைக் கூட்டிக்கொண்டு என் கொல்லைக்கு வந்துவிட்டாள். லைன்மேன் என் மோட்டார் ஷெட்டைத் திறந்து, கோயில் சிலையைக் காட்டுகிறவன் மாதிரி கை நீட்டினான். "இதான் மேடம் மொத டப்பா. இங்கேருந்துதான் ஊருக்கே பரவுச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். "பூட்டான் எடுக்கல பாட்டி. நீங்கதான் எடுத்தீங்க."

வேறு டிரான்ஸ்பார்மர் வந்து மாட்ட இரண்டு வாரமாவது ஆகும் என்றாள். மற்றவர்கள் போட்டிருந்தது கரும்பும் சவுக்கும். அது தாங்கும். என் மல்லாட்டை ஐந்து நாள் தாங்கினால் அதிகம். அப்போதுதான் அவள் வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கே ஷெட்டில் ஒரு பல்பு பகலிலேயே எரிந்துக்கினு இருந்தது.

"அங்க கரண்ட் இருக்கே. அது யார் கொல்லை?"

"அது வேற டிரான்ஸ்பார்மரு மேடம்" என்றான் லைன்மேன். "அங்க கரண்டு இருக்குது, தண்ணிதான் இல்ல. போரு பத்து நிமிஷம் ஊத்தும், அப்புறம் காத்து துப்பும்."

"இங்க கெணத்துல தண்ணி இருக்கு."

"இருக்குது மேடம்."

"அவங்க உங்களுக்கு என்ன வேணும் பாட்டி?"

லைன்மேன் வானத்தைப் பார்த்தான். "ஓரகத்தி" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "அவங்க சர்வீஸ்ல இருந்து கம்பி இழுத்து உங்க மோட்டாரை ஓட்டினா தப்பு, கேஸ் ஆயிடும். அவங்க மோட்டாரையே எடுத்து உங்க கெணத்துல எறக்கி, கொஞ்ச நாளைக்கு ஓட்டிக்கறோம்னா, மனு குடுங்க. நான் மேல கேட்டு வாங்கித் தர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிக் குடுக்கணும்."

"ரெண்டு பேரும் சேந்தா?"

"ஆமா."

"ஒரே பேப்பர்லயா?"

"ஒரே பேப்பர்லதான் பாட்டி."

அடுத்த மூன்று நாள் நான் அந்த ஒரே பேப்பரைத் தவிர எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ஊரில் ஆயில் இன்ஜின் இரண்டு. ஒன்று வானூர்ப் பக்கம் ஒரு கட்டட வேலைக்குத் தண்ணீர் இறைக்கப் போயிருந்தது. இன்னொன்றின் மேல் ஒரு கோழி அடை காத்துக்கினு இருந்தது, அதை எழுப்பி இன்ஜினை முறுக்கினேன், கோழி மட்டும்தான் ஓடியது. குடத்தில் மொண்டு ஊற்றினேன். இருபது செடிக்கு மேல் என் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஏக்கரில் எத்தனை இருபது என்று நினைத்துப் பார்த்துக் குடத்தைக் கவிழ்த்தேன். ஓரகத்தியும் அவள் பக்கம் குழாய் வாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நான் பார்த்தால் அவள் திரும்பிக்கொள்வாள். அவள் பார்த்தால் நான் வானத்தைப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் மகன் கூப்பிட்டான். சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஏண்டா, அந்த ரெண்டு நாட்டுக்காரங்களும் சண்டையே போட்டுக்க மாட்டாங்களா?"

"போடாம இருப்பாங்களா? ரேட்டுக்கு மாசக்கணக்கா இழுப்பாங்க. முடியாதுன்னு எழுந்து போயிடுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. ஒருத்தர்கிட்ட ஆறு இருக்குது, ஒருத்தர்கிட்ட வாங்கறதுக்கு ஊரு இருக்குது. எழுந்து போனா ரெண்டு பேருக்கும் பேஜாருதான். மறுபடி வந்து ஒக்காருவாங்க."

"மொதல்ல யாரு வந்து ஒக்காருவாங்க?"

"யம்மா, நீ எந்த நாட்டப் பத்திக் கேக்கற?"

"சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது செடி இலையை மூடிக்கொண்டு நின்றது. தொட்டால் சலசல என்றது. இந்த இடத்தில் எனக்குப் புத்தி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. மல்லாட்டை வாடினது, அதனால் போனேன். வரப்பு வரைக்கும் நாலு தரம் போய் நாலு தரம் திரும்பினேன். என்ன பேசுவது என்று ஷெட்டுச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் தரம் தாண்டினேன்.

அவள் குந்திக்கினு களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். காய்கிற செடிக்கு எதற்குக் களை. கையைச் சும்மா வைத்திருக்க அவளுக்கு எப்போதுமே வராது.

"செடி எப்பிடி கீது?" என்றேன். எட்டு வருஷம் கழித்து வந்த முதல் பேச்சு. நான் ஒத்திகை பார்த்தது இது இல்லை.

"பாத்தா தெரியல?" தலை தூக்கவில்லை.

"என்னுதும் அப்பிடித்தான்."

"உனக்கு இன்னாக்கா கொறச்சல். பூட்டான்லேருந்து தண்ணியும் வந்துக்கினே இருக்குமே."

அக்கா என்றாளே, அதைப் பிடித்துக்கொண்டேன். "ஆபீசு மேடம் ஒரு யோசனை சொல்லிச்சு."

"லைன்மேன் மூணு நாளு முன்னாடியே சொல்ட்டான்."

"தெரிஞ்சிக்கினே ஒக்காந்திருந்தியா? செடி இங்க செத்துக்கினு கீது, வந்து கேட்டா இன்னாடி?"

இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "நான் ஒரு தரம் வந்து கேட்டேங்க்கா" என்றாள்.

நானும் பக்கத்தில் குந்தி, இருந்த இரண்டு களையைப் பிடுங்கினேன். அதில் ஒன்று களை இல்லை, மல்லாட்டை. அவள் அதைப் பார்த்தாள்.

கொஞ்சம் கழித்து அவளே கேட்டாள். "மனுவ யாரு எழுதறது?"

"பேத்திய எழுதச் சொல்லலாம்."

"வேணாம். நீயே ஒங் கையால எழுது. பெருசா படிச்சிருக்கேன்னு சொல்லிக்கினு திரியற இல்ல. நான் சொல்லச் சொல்ல எழுது."

பேப்பரும் பேனாவும் கொண்டு வந்து மோட்டார் ஷெட்டுப் படியில் உட்கார்ந்தேன். ஆபீசுக்கு எழுத வேண்டியதை எழுதினேன். எங்கள் இரண்டு பேர் கொல்லையும் காய்கிறது, அவள் மோட்டாரை என் கிணற்றில் இறக்க இரண்டு பேருக்கும் சம்மதம். அது எழுதவே வெயில் ஏறிவிட்டது.

"பேப்பர திருப்பிக்கோ" என்றாள். "பின்னாடி எழுது. இந்தக் கெணத்துல எனக்கு வாரத்துல ரெண்டு நாளு முறை. டிரான்ஸ்பார்மரு வந்த பொறவும்."

"இது ஆபீசுக்கு எதுக்குடி?"

"ஆபீசுக்கு இல்ல. எனக்கு."

எழுதினேன். முறை என்ற சின்ன வார்த்தையை எழுத அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

"இன்னொண்ணு. எம் புள்ளைங்கள வளத்தத இனிமே யாருகிட்டயும் சொல்லிக் காட்ட மாட்டேன்னு எழுது."

பேனா நின்றுவிட்டது. தண்ணீரைக் கொடுத்துவிடலாம். இதைக் கொடுத்தால் நான் பஸ்ஸில் என்ன பேசுவது?

"கொறச்சிக்கறேன்னு எழுதறேன்" என்றேன்.

"கொறச்சிக்கறதுன்னா? மாசத்துக்கு எத்தினி?"

"சொல்லிக் காட்ட மாட்டேன், ஆனா யாராவது கேட்டா மறைக்க மாட்டேன். இப்பிடி எழுதறேன். அதுக்கு மேல முடியாது."

"யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"கேப்பாங்க."

அவள் யோசித்தாள். வாடின செடியைப் பார்த்தாள். சரி என்றாள். கீழே அவள் பேரை எழுத்துக் கூட்டி எழுதினாள், அவளுக்கு அது மட்டும்தான் வரும். நான் என் பேரை அவள் பேரைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.

ஒரே பேப்பர் என்று சொன்னார்களே என்று அப்படியே ஆபீசுக்குக் கொண்டு போனோம். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அந்தப் பெண் முன்பக்கம் படித்தாள். திருப்பினாள். பின்பக்கமும் படித்தாள். பிறகு, ஒரு நிமிஷம் என்று உள் ரூமுக்குப் போனாள். திரும்பி வரும்போது கண் துடைத்திருந்தது, சிரித்தாளோ என்னவோ. முன்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள். "ஒரிஜினல் உங்ககிட்டயே இருக்கட்டும். பின்பக்கத்துக்கு நான் சீல் போட முடியாது" என்று பேப்பரை என் கையில் நீட்டினாள். ஓரகத்தி நடுவில் வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே, மேலே சரி சொல்லிவிட்டார்கள் என்று லைன்மேன் போன் பண்ணிவிட்டான். மறுநாள் காலையில் நாலு ஆள் வைத்து அவள் போரில் இருந்து மோட்டாரை உருவி, என் கிணற்றில் கயிறு கட்டி இறக்கினோம். லைன்மேன் கூடவே நின்றான். வரப்பு மேல் நாலு கழி நட்டு, அவள் ஸ்டார்ட்டரில் இருந்து கேபிள் என் பக்கம் வந்தது. எல்லை தாண்டி ஒரு கம்பி. மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். டவர் கொஞ்சம் குட்டையா இருக்குதும்மா என்று பதில் போட்டான்.

மூன்று பேஸ் வருகிற நேரம் நெருங்கியபோது, யாருக்கு முதல் தண்ணீர் என்பது வந்தது.

"தண்ணி என்னுது" என்றேன்.

"கரண்டும் மோட்டாரும் என்னுது" என்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்குள்ள த்ரீ பேஸு போயிடும், ஜல்தி சொல்லுங்க" என்றான் லைன்மேன்.

எனக்கு என்ன தோன்றியதோ, "சரி, நீ மொதல்ல வுட்டுக்கோ" என்றேன். உடனே அவள், "ஒண்ணும் வேணாம், நீயே வுட்டுக்கோ, அதையும் ஊர்பூரா சொல்லுவ" என்றாள். இப்போது அதற்கு ஒரு சண்டை. கடைசியில் லைன்மேனே ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டு மண்வெட்டியால் அவள் கொல்லைக்கு மடையைத் திறந்தான். கிணறு உறுமி, தண்ணீர் வாய்க்காலில் ஓடி, வரப்பை வெட்டின இடத்தில் அவள் பக்கம் இறங்கியது.

நான் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஒன்று அரித்துக்கினே இருந்தது. ஸ்டார்ட்டர் அவள் ஷெட்டில் இருக்கிறது. அவள் கொல்லை நனைந்ததும் ஒரு விரலால் அழுத்தி நிறுத்தினால் போதும், எட்டு வருஷத்துக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் அவளாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். எனக்கு வந்த பதில் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் கடைசிப் பாத்தி வரைக்கும் நடந்து பார்த்தாள். திரும்பி ஷெட்டுப் பக்கம் வந்தாள். ஸ்டார்ட்டர் முன்னால் நின்றாள். நான் எழுந்தேவிட்டேன். அவள் சுவரில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். வந்து அவள் மடையை மண் போட்டு அடைத்தாள். என் மடையை வெட்டித் திறந்தாள். தண்ணீர் என் கால் விரலைத் தொட்டது.

"மேக்கால பாத்திக்கு மொதல்ல வுடு. அதான் ரொம்ப காஞ்சிக் கெடக்குது" என்றாள்.

என் கொல்லையில் எது ரொம்பக் காய்ந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கே அது தெரியாது.

ஊசி இறங்கியது. இரண்டு கொல்லையும் பிழைத்தது. பங்குனியில் பிடுங்கினபோது அவளுக்கு என்னைவிட ஒரு மூட்டை கூடுதலாக வந்தது. அவள் மண் கொஞ்சம் மணல் கலந்தது, அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது, கண்டென்சரைக் கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டேன். கேபிளைச் சுருட்டியாகிவிட்டது. அவள் மோட்டார் மட்டும் என் கிணற்றில் அப்படியே கிடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் அவள் முறை. அன்றைக்கு அவள் சொல்கிற வேலையை என் மோட்டார் செய்கிறது, அவள் மோட்டார் தூங்குகிறது. இதில் எனக்கு என்ன நியாயம் என்று கேட்டால், பேப்பரை எடுத்துக் காட்டுகிறாள்.

மழைக்காலம் வந்தால் பூட்டான்காரர்கள் மறுபடி நமக்குக் கொடுப்பார்கள் என்று மகன் சொல்கிறான். இந்தத் தரம் நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. திருவக்கரையில் மட்டும் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

போதும், கை வலிக்கிறது. கண்ணு, இந்தா நோட்டு. எங்க, மொதல்லேருந்து ஒரு தரம் படிச்சிக் காட்டு. இன்னிக்கு வெள்ளிக்கெழம, உன் சின்ன ஆயா வாய்க்காலாண்டதான் நிக்கறா. அவளுக்குக் கேக்கறாப்பல படி. மொத வரியில அஞ்சுன்னு வந்ததும் அந்தப் பேப்பர உருவிக்கினு வருவா. அப்ப நீதான் சொல்லணும், கேட்டது நீதான்னு.